ஆறாம் மெட்டு

செயின்ட் லூயிஸ். ஐம்பத்தேழு, பிப்ரவரி.
குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கடையின் பின்னறை.
முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டியது நான்.
டேப் எந்திரத்தை ஓட்டியதும் நான்.
இசைத்தட்டின் உறையில் என் பெயரைத் தேடவேண்டாம்.
"வெர்லீன், காபி" என்பார்கள்.
அதற்கும் எழுந்து போவேன்.

அன்று இரண்டு சாக்ஸபோன் வரவேண்டும்.
லூஷியஸ் பெட்வே, அவன் மைத்துனன் கார்லிஸ்,
ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
பாலத்தில் பனி இறுகி
கோழி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே சாய்ந்துவிட்டதாம்,
கூண்டுகள் திறந்துகொண்டனவாம்.
ஏழு மணிக்குத் தொலைபேசியில் யாரோ சொன்னார்கள்.
எட்டுக்கு அறையைக் காலி செய்யவேண்டும்;
மணிக்கு ஆறு டாலர்,
கடைக்காரர் ரெம்கே
கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தார்.

பாட்டு இருந்தது, வாசல் இல்லை.
முதல் நான்கு ஆவர்த்தனம் அந்த இருவருடையது.
ஒருவன் மேலே, ஒருவன் கீழே,
கட்டில் தூக்கிப் படி இறங்குகிறவர்கள் மாதிரி
விலகாமல் வருவார்கள்.
ஏமோஸ் டிரம்ஸ் குச்சியால் காது குடைந்தான்.
ஓடெல் டிப்ஸ் கிதாரை மடியில் கிடத்தி
வெகுநேரம் சும்மா இருந்தான்.

பிறகு சுட்டுவிரலை
கடைசி இரண்டு தந்திகளின் மேல் படுக்கவைத்தான்.
ஐந்தாம் மெட்டில் தட்டி
ஆறுக்கு வழுக்கினான்.

ஒரே விரல்.
கீழே எஃப், மேலே பி-பிளாட்.
ஊதுகிறவர்களுக்கு வீடு போன்ற சுருதி,
கிதார்க்காரர்கள் திட்டிக்கொண்டே வாசிக்கும் சுருதி.

இன்னொரு தடவை, ஏமோஸ் சொன்னான்,
குச்சி காதைவிட்டு வந்திருந்தது.

இன்னொரு தடவை வாசித்தபோது
மோதிர விரலும் சேர்ந்துகொண்டது.
மூன்றாம் தந்தியை எட்டாம் மெட்டில் பிடித்துத் தள்ளினான்
(பாஞ்சோ தந்தி கட்டியிருந்தான் அங்கே,
கடையில் விற்பது வளையாது என்று).
அது ஏறி ஏறி
பக்கத்துத் தந்தியின் சுரத்தைத் தொடப்போய்
தொடாமல் நின்றது.
ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள்.
இருந்தது.
உரசிய சத்தம் என் பல்லில் கேட்டது.

டேப்பை ஓடவிட்டேன்.
முள் சிவப்புக்குள் போய் அங்கேயே கிடந்தது.
குறைக்கவேண்டும்.
கை பொத்தான்வரை போயிற்று,
குறைக்கவில்லை.

பாட்டு முடிந்து பார்த்தால்
வாசலில் அவர்கள்.
கோட்டுக்குள் கருவிப்பெட்டி, காலணி நிறையப் பனி,
கார்லிஸின் கைமடிப்பில் ஒரு வெள்ளை இறகு.
ரெம்கே கடிகாரத்தைக் காட்டினார். ஏழு ஐம்பத்திரண்டு.
திரும்பப் போட்டுக் காட்டினேன்.

கார்லிஸ் சிரித்தான்:
"மேலே போகிறேனே, அது நான்தான்!"
லூஷியஸ் சிரிக்கவில்லை.
முதல் நான்கு ஆவர்த்தனம் தாண்டியதும் கேட்பதை நிறுத்தினான்.
"இவனுக்கு மூன்று ஆள் கூலியா?"
இல்லை, ஒன்றுதான்.
"அப்போ இரண்டு ஆள் கூலி யாருக்கு?"
ரெம்கே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.
ஓடெல் கிதாரைத் துணியில் சுற்றிக்கொண்டே
பாலத்துச் சுங்கம் எவ்வளவு என்று கேட்டான்.
அதை வாங்கிக்கொள்ளாமல் போனார்கள்.

அதற்கப்புறம் அந்த அறைக்கு
யாரும் சாக்ஸபோன் கூப்பிடவில்லை.
பையன்கள் வந்தார்கள்,
வேறொன்றும் வாசிக்கத் தெரியாமலே
அந்த நான்கு ஆவர்த்தனத்தை மட்டும் தெரிந்துகொண்டு,
சுட்டுவிரலில் இரண்டு கோடு பதிந்து.

அந்த டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது.
நான்காம் ஆவர்த்தனத்தின் கடைசியில்,
இரண்டு சுரமும் தேயும் இடத்தில்,
டொக் டொக் என்று ஒரு சத்தம்.
மரத்தில் தட்டுவது போல.
தாளத்துக்குச் சற்றுப் பிந்தி.
அது தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறான் ஏமோஸ்.
கதவு என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.
நான் ஒன்றும் சொல்வதில்லை.